நடுவில் கிடந்த நாற்காலி

அத்தியாயம் பதினொன்று

சிவபாண்டி எழுந்தான். பல் துலக்கினான். வாசல் கம்பியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, முனையை வெட்டி, சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தான். இன்னொரு அடுப்பில் குக்கர். பால் பொங்குவதற்குள் தண்ணீர் மோட்டாரைப் போட்டான். மோட்டார் இரைச்சலில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு நேரத்தில் அணைத்தான். சாதம் இன்றைக்கும் குழைந்துதான் போயிருந்தது.

பிறகு மகளின் கால்களுக்கு வந்தான்.

தனுஸ்ரீ பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கால்களில் செருப்பு. இளஞ்சிவப்பு ரப்பர் செருப்பு. வலது செருப்பில் மட்டும் ஒரு பட்டாம்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. இடதில் அது எப்போதோ விழுந்துவிட்டது. பின்வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. ஏழு வயசுக் கால் நிற்காமல் வளர்கிறது, செருப்பு வளரவில்லை. குதிகால் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றது. வார் அழுத்திய இடத்தில் புண்.

அவன் பஞ்சை நனைத்துப் புண்ணைச் சுற்றித் துடைத்தான். மருந்து தடவினான். சத்திரப்பட்டியில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் பேண்டேஜ் துணி வெளுக்கிறார்கள். அங்கிருந்து கொண்டுவந்த துணியைச் சின்னதாகக் கிழித்து, வாருக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்தான்.

செருப்பைக் கழற்றினால் வேலை சுலபம். கழற்ற முடியாது. ஒருமுறை தூங்கும்போது கழற்றிப் பார்த்தான். தனு விழித்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. தரையில் தவழ்ந்து தேடி எடுத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படுத்துக்கொண்டாள். அவள் தேடிய விதத்தைப் பார்த்தபிறகு அவன் இன்னொரு முறை கழற்றவில்லை.

புதுச்செருப்பு இரண்டு ஜோடி வாங்கியாயிற்று. பெட்டியோடு பீரோவின் மேல் கிடக்கின்றன.

இதுவரை படித்துவந்தவர்களுக்கு இந்த வீடு தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும். சிவபாண்டியின் மனைவி செல்வி என்கிற செல்வலட்சுமி போன ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தாள். ராஜபாளையத்தில் காட்டினார்கள். மதுரைக்குக் கொண்டு போனார்கள். கொண்டு வந்தார்கள்.

சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “கடைசியா என்ன சொன்னா?”

செல்வியின் அக்கா மகாலட்சுமி பதில் சொன்னாள். “கட்டில்ல இருந்து உள்ள தள்ளிட்டுப் போகயில எங்கையப் புடிச்சிக்கிட்டா. ‘தனுவ நீ பாத்துக்கக்கா’ன்னா.” ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அழுதாள்.

சிவபாண்டி மகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனான். “அம்மா அப்பாவத் தேடுச்சாம்மா?” என்று கேட்டான். தனு தலையாட்டினாள். அவன் அதை அண்ணன் சோலைராஜிடம் சொன்னான். அண்ணன் ஊருக்குச் சொன்னார். ஒருத்தியின் கடைசிப் பேச்சு இரண்டாகி, இரண்டு ஊரிலும் நடமாடியது.

“என்னைய பொய்க்காரி ஆக்குதியளா?” என்று கேட்டாள் மகாலட்சுமி. சிவபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பேச்சு இல்லையென்றாலும் சேதி இருந்தது. அதைக் கொண்டு போகவும் கொண்டு வரவும் தனு இருந்தாள்.

போன் அடித்தது. தினமும் இதே நேரம்தான், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மகாலட்சுமி. சிவபாண்டி எடுக்கமாட்டான். தனு எழுந்து, செருப்புக் காலோடு சமையலறைக்கு வந்து, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏட்டி தனு, எந்திச்சிட்டியா? சாப்ட்டியா?”

“இல்ல பெரிம்மா.”

“எப்படிச் சாப்பிடுவ? ஒங்க அப்பா சோத்தக் களியாக்கி வச்சிருப்பாரு. தண்ணிய அளந்து ஊத்தச் சொல்லு.”

தனு அப்பாவிடம் திரும்பினாள். “தண்ணிய அளந்து ஊத்தணுமாம்.”

குரல் அவளுடையது இல்லை. மகாலட்சுமியின் இழுப்பு, மகாலட்சுமியின் மூச்சு, கடைசியில் வருகிற சின்ன இடிப்புகூட அப்படியே இருந்தது. யார் சேதி சொன்னார்களோ அவர்கள் குரலிலேயே சொல்லுவாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் கவனித்தார்கள், சேதி இல்லாத நேரத்தில் அவள் பேசுவதே இல்லை.

ஸ்பீக்கரில் எல்லாமே கேட்கும். ஆனாலும் தனு சொல்லி முடிக்கும்வரை கேட்டதாக யாரும் காட்டிக்கொள்வதில்லை. அதுதான் ஏற்பாடு.

“குக்கர் வாஷர் போச்சுன்னு சொல்லு,” என்றான் சிவபாண்டி.

“குக்கர் வாஷர் போச்சு.” இப்போது அவன் குரல். ஈரத்துணி மாதிரி இருந்தது. நான் இப்படியா பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

“ஒரு வாஷர் வாங்கிப் போடத் துப்பில்ல. இதச் சொல்லாத.”

“இதச் சொல்லாத,” என்றாள் தனு அப்பாவிடம்.

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது. மகாலட்சுமி சிரிப்பை அடக்கியிருக்கலாம். பிறகு குரல் மாறியது.

“சரி, இதக் கேளு. தேவதானத்துல பொண்ணு பாத்துட்டு வந்தாவளாமே. நெசமான்னு கேளு.”

சிவபாண்டி கரண்டியைக் கீழே வைத்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தனு கேட்டுவிட்டாள்.

“தேவதானத்துல பொண்ணு பாத்துட்டு வந்தாவளாமே. நெசமா?”

தனக்கு ஒரு புது அம்மா வரப்போகிறாளா என்று பெற்ற மகள், வேறொருத்தியின் குரலில் கேட்டாள். முகத்தில் ஒன்றுமில்லை. தபால்காரர் முகம்.

போய்ப் பார்த்தது சோலைராஜ். போட்டோ அனுப்பியிருந்தார். இன்றைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். சிவபாண்டி அந்தப் போட்டோவைத் திறக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

“நேரமாச்சுன்னு சொல்லு. அங்க வந்து பேசிக்கிடலாம்னு சொல்லு.”

“நேரமாச்சு. அங்க வந்து பேசிக்கிடலாம்.”

“பேசுவாரு, பேசுவாரு. இன்னைக்கி அந்த டீச்சரம்மா முன்னாலயே ரெண்டுல ஒண்ணு கேட்டுருதேன். பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள ஒன்ன இங்க கூட்டியாந்துருவேன் தங்கம். யூனிபாரம் துணிகூட வெட்டி வச்சிட்டேன். இத அப்பாட்ட சொல்லு.”

தனு சொன்னாள். யூனிபாரம் துணி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

---

வண்டியில் தனு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பஞ்சு மார்க்கெட் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. இடது பக்கம் மலை தெரிந்துகொண்டே வந்தது. செல்வி இருந்தபோது இந்த ரோட்டில் போகும்போதெல்லாம் மூன்று பேரும் எதையாவது பேசிக்கொண்டே போவார்கள். என்ன பேசினோம் என்று யோசித்தான். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வன்னியம்பட்டி விலக்கில் ஒரு லாரிக்கு வழிவிட்டு நின்றான்.

“கால் வலிக்காம்மா?”

தனு தலையாட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாத ஓர் ஆட்டல்.

மகாலட்சுமி சொன்ன டீச்சரம்மா டீச்சர் இல்லை. பெயர் ஜூடி. குடும்ப ஆலோசகர். சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வருவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் மாடியில் அவருக்கு ஓர் அறை. குழந்தை டாக்டர்தான் அனுப்பினார். அதற்கு முன்பே மகாலட்சுமி ஒரு கோயிலில் மந்திரிக்கப் பார்த்தாள். செருப்போடு உள்ளே விடமாட்டோம் என்றார்கள், செருப்பைக் கழற்றமாட்டேன் என்று தனு நின்றாள். கடைசியில் பூசாரி ரோட்டுக்கு வந்து திருநீறு போட்டுவிட்டுப் போனார்.

ஜூடி முதல் தடவை மிட்டாய் காட்டிச் செருப்பைக் கழற்றப் பார்த்தார். தனு மிட்டாயையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. அடுத்த தடவை அவர் செருப்பைப் பற்றியே கேட்கவில்லை. வீட்டில் யார் யாரோடு பேசுவார்கள் என்று கேட்டார். சிவபாண்டி சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அடுத்த வாரம் அவங்க பெரியம்மாவும் வரணும்,” என்றார். அந்தச் சேதியையும் தனுதான் கொண்டு போனாள்.

மாடிப்படியில் மகாலட்சுமியும் அவள் கணவர் ராம்கியும் நின்றார்கள். ஒரே பையன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகு அந்த வீட்டிலும் இரண்டு பேர்தான். மகாலட்சுமி பிளவுஸ் தைக்கிறாள். கழுத்தில் டேப் தொங்கியது. எடுக்க மறந்து வந்திருந்தாள்.

“வா சகல,” என்றார் ராம்கி. “எளச்சிட்ட. கம்பெனியில வெளுக்கது துணியத்தானா, ஒன்னையுமா?”

இரண்டு பக்கமும் பேசுகிற ஒரே ஆள் அவர். அதனால் எதையும் பேசமாட்டார்.

மகாலட்சுமி சிவபாண்டியைப் பார்க்கவில்லை. தனுவின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து காலைப் பார்த்தாள். “புண்ணு சீ வச்சிருக்குபோல. மருந்து போட்டாரா இல்லியான்னு ஒங்க அப்பாட்ட கேளு.”

“மருந்து போட்டாரா இல்லியா?”

“போட்டேன்னு சொல்லு.”

“போட்டேன்.”

ராம்கி படியை எண்ணுகிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

---

ஜூடிக்கு ஜலதோஷம். பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரமாக அடுக்கியிருந்தார்.

“இன்னைக்கு நான் எடம் சொல்லப்போறதில்ல,” என்றார். “யார் எங்க உக்காரணும்னு தனு போடட்டும்.”

தனு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்தாள். தரை கிறீச்சிட்டது. ஜன்னலோரம் போட்டு, முகம் வெளியே பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். சிவபாண்டி போய் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

எதிர்ச்சுவரில் இன்னொன்று. அது மகாலட்சுமிக்கு. அவளுக்குப் பின்னால், கிட்டத்தட்ட மூலையில், ராம்கிக்கு ஒன்று.

நடுவில் தனக்கு. சரியாக நடுவில். இரண்டு பக்கமும் பார்த்து, கொஞ்சம் தள்ளி, மறுபடி இழுத்துச் சரிசெய்தாள்.

“எனக்கு இல்லையா?” என்றார் ஜூடி. “சரி, நான் நிக்கேன்.”

தனு இன்னும் முடிக்கவில்லை. மேலும் ஒரு நாற்காலியை எடுத்தாள். நிலைப்படியைத் தாண்டி வெளியே இழுத்துப்போய், படிக்கட்டைப் பார்த்தபடி போட்டாள்.

“இதான் எனக்குத் தோதான எடம். மூலையில வேகுது, இங்க காத்தாவது வருது,” என்று ராம்கி எழுந்துபோய் அதில் உட்கார்ந்தார்.

தனு அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையாலும் அவர் தொடையைத் தள்ளினாள்.

“எந்திங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது மகாலட்சுமியின் குரல் இல்லை. சிவபாண்டியின் குரல் இல்லை. கீச்சென்று, கொஞ்சம் கரகரப்பாக, பல மாதமாக யாரும் கேட்காத குரல்.

ராம்கி சட்டென்று எழுந்தார். “எந்திச்சிட்டேன் தாயி, எந்திச்சிட்டேன்.” மூலைக்கே திரும்பினார்.

“அது யாருக்கும்மா?” என்று கேட்டார் ஜூடி.

தனு வந்து தன் நடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். செருப்புக் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின.

ஜூடி மூக்கைத் துடைத்துக்கொண்டு மகாலட்சுமியிடம் திரும்பினார். “இவர் ராத்திரி சாப்பிடலேன்னா மொதல்ல யாருக்குத் தெரியும்?”

“தனுவுக்கு.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“காலையில. தனு சொல்லுவா.”

“நீங்க சொல்லுங்க சார். இவங்க கோவமா இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தனு குரல்ல,” என்றான் சிவபாண்டி ஜன்னலைப் பார்த்தபடி.

“தனுவுக்குக் கோவம் வந்தா? அது யாருக்குத் தெரியும்?”

கீழே லேபில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தேரடியில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

“குழந்தைக்கு என்னன்னு கேட்டு வந்தீங்க,” என்றார் ஜூடி. “நானும் ரெண்டு வாரமா அவ காலையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் புடிபடல. இந்த நாற்காலியெல்லாம் பாத்த பொறவுதான் ஏதோ தெரியுது. சரியான்னு சொல்ல முடியல. ஒண்ணு செஞ்சு பாப்போம்.”

தனுவை எழுப்பினார். நடுவில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் மேஜைப் பக்கத்தில் போட்டு, அவளை அதில் உட்காரவைத்தார். சிவபாண்டியின் நாற்காலியைப் பிடித்து உள்பக்கம் திருப்பச் சொன்னார்.

“இனி இந்த ரூம்ல இவ யாருக்கும் சேதி கொண்டு போகமாட்டா. ரெண்டு பேரும் நேரா பேசுங்க. சண்டையா இருந்தாலும் நேரா போடுங்க.”

நடுவில் வெறும் தரை. சிவபாண்டி மதினியின் முகத்தைப் பார்த்தான். செல்வியின் முகம்தான் அது, பத்து வருஷம் தள்ளி. இத்தனை மாதமாக அவன் பார்க்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நெற்றியோரம் நரைத்திருந்தது. ஐப்பசியில் அந்த நரை இல்லை.

மகாலட்சுமி தொண்டையைச் செருமினாள். “ஏட்டி தனு, ஒங்க அப்பாட்ட...”

தனு எழுந்துவிட்டாள். வாயைத் திறந்துவிட்டாள். ஜூடி அவள் தோளில் கை வைத்தார். திறந்த வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. உட்கார்ந்தாள்.

மகாலட்சுமி கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கையில் சுருட்டினாள்.

“தேவதானத்துல பாத்தது நெசமா?” முதல் நேர்ப்பேச்சு.

“அண்ணன் பாத்தாரு. நான் பாக்கல மதினி.”

“பாப்பிய. இன்னைக்கி இல்லன்னா ஆவணியில பாப்பிய. ஆம்பள எம்புட்டு நாளைக்கிக் குக்கரோட மல்லுக்கட்டுவிய? தப்புன்னு சொல்லல. ஆனா வாரவ இந்தப் புள்ள காலத் தொட்டு மருந்து போடுவாளா?”

“நான் போடுதேன்ல.”

“போட்ட லெச்சணந்தான் தெரியுதே! ஒரு செருப்பக் கழட்ட முடியல, புள்ள வளக்காராம்.”

“நீங்க கழட்டிப் பாருங்களேன். கோயிலுக்குக் கூட்டிட்டுப்போயி ரோட்டுல நின்னிய.”

மூலையில் ராம்கி இருமினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

“எங்கிட்ட விட்டா கழட்டிருவேன். மெள்ள மெள்ளக் கழட்டிருவேன். எனக்கென்ன ஆசயா தம்பி, ஒங்க புள்ளயப் புடுங்கணும்னு? எந்தங்கச்சி எங்கையில ஒப்படச்சிட்டுப் போயிருக்கா. சாகும்போது சொன்ன வார்த்த. அத நான் மீறவா?”

“எங்கிட்ட அவ அப்படி ஒண்ணும் சொல்லலயே மதினி.”

“சொல்ல நீங்க இருந்தாத்தான?” டேப் அவிழ்ந்து கீழே விழுந்தது. அவள் எழுந்துவிட்டாள். “கட்டின புருசன் அந்த நேரத்துல எங்க போனிய?”

“ரத்தத்துக்கு அலஞ்சேன். ஒங்களுக்குத் தெரியும்.”

“அலஞ்சாராம்! நான் ஒருத்தி, ஒத்தப் பொம்பள, மருந்துச் சீட்டக் கையில வச்சிக்கிட்டுக் கீழ வரிசையில நிக்கேன். நகரவே மாட்டேங்கு. மேல எந்தங்கச்சிய யாரோ ரெண்டு பேரு தள்ளிட்டுப் போறான். ஒரு நாதி கெடையாது பக்கத்துல! நான் மூச்சு வாங்க ஏறி வாரேன், கட்டில் வெறுசா கெடக்கு, இந்தப் புள்ள மட்டும்...”

நின்றாள்.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

பேன் சுற்றியது. சிவபாண்டியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சோலைராஜ்தான், பதில் கேட்டு. அவன் எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

“அப்ப நீங்களும் அங்க இல்ல,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. அசதிதான் வந்தது.

“மகா,” என்றார் ராம்கி மெதுவாக. “உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். விழுந்த டேப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வந்தவுகல்லாம் கேட்டாவ. ஒவ்வொருத்தரும் கேட்டாவ. ஒண்ணுமே சொல்லாமப் போனான்னு எந்த வாயால சொல்ல? பெத்தவளுக்கும் மேல தூக்கி வளத்தவ நான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா போயிருப்பா? சொல்லணும்னுதான் நெனச்சிருப்பா.” மூக்கை உறிஞ்சினாள். “இவகிட்டயும் கேட்டேன் தம்பி. அம்மா அப்படித்தான சொன்னான்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டுனா.”

“எனக்கும் தலையாட்டுனா,” என்றான் சிவபாண்டி. “நான் வேற கேட்டேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன நாற்காலியைப் பார்த்தார்கள்.

தனு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாம்பூச்சியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள், பறந்துவிடும் என்பதுபோல. அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். பெரியம்மா கீழே வரிசையில். அப்பா ரத்த வங்கியில். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது செல்வியின் பக்கத்தில் நின்றது அவள் மட்டும்தான். அவளிடம் எத்தனையோ பேர் தலையாட்டல் கேட்டார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிவபாண்டி எழுந்துபோய் அவள் முன்னால் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான். முழங்கால் வலித்தது. இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

“தனு. அம்மா என்னம்மா சொல்லுச்சு?”

அவள் நிமிர்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே பார்த்தாள்.

“பெரிம்மா, சொல்லட்டா?”

சொந்தக் குரல். கீச்சுக் குரல். கேட்டது அனுமதி.

மகாலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“அப்பா, சொல்லட்டா?”

“சொல்லும்மா.”

தனு நாற்காலியிலிருந்து இறங்கினாள். நொண்டி நொண்டி வாசல்வரை போனாள். வெளியே, படிக்கட்டைப் பார்த்துப் போட்ட காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை படியை எட்டிப் பார்த்தாள். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

வாயைத் திறந்தபோது குரல் மாறியது.

சிவபாண்டியின் கை தரையில் ஊன்றிக்கொண்டது. எட்டு மாதமாக நினைவில் தேடித் தேடிக் கிடைக்காத குரல். காய்ச்சலில் கம்மிப்போய், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி, ஆனாலும் அதட்டலைக் கைவிடாத அதே குரல்.

“நான் இந்தா வந்துருதேன் தங்கம். அதுவரைக்கும் செருப்பக் கழட்டிராத. கீழ ஊசி கெடக்கு.”